அதிகாரப் பகிர்வும் தோட்டத்து மனிதனும்

நமது நாட்டின் அரசியற் பேச்சிலே இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடுகின்றன. ஒன்று அதிகாரப் பரவலாக்கம். மற்றொன்று அதிகாரப் பகிர்வு. கொழும்பில் ஆட்சி செலுத்துவோர் முன்னதையே பெரிதும் விரும்புவர். வடக்கிலும் கிழக்கிலும் பின்னதையே வற்புறுத்துவர். இவ்வேறுபாடு வெறும் சொல்லளவினதன்று. பரவலாக்கம் என்னுமிடத்து, மேலே இருப்பவன் தன் கையிலுள்ளதிற் சிறிதைக் கீழே இறைக்கின்றான். வேண்டாதபோது மீண்டும் அள்ளிக்கொள்ளவும் அவனால் முடியும். பகிர்வு என்னுமிடத்தோ, உரிமையுடைய பங்காளிகள் எதிரெதிரே அமர்ந்து பங்கிடுகின்றனர். எனவே எந்தச் சொல்லைக் கையாளுவது என்ற வாதம் நெடுநாளாக நடந்துவருகின்றது. ஆனால் தமிழ் இலக்கியம் படித்தவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இவ்விரு தொடர்களுக்கும் பொதுவாக நிற்கும் ‘அதிகாரம்’ என்னும் சொல்லேயாகும். வடமொழியில் அது ஆட்சியை மட்டும் குறித்து நின்றதன்று. தகுதியையும் உரித்தையும் குறித்தது. ஒரு வேள்வியைச் செய்தற்கும் அதன் பயனைப் பெறுதற்கும் உரியவன் யாவன் என்னும் ஆராய்ச்சியை மீமாஞ்சை நூலார் அச்சொல்லைக் கொண்டே நடத்தினர். கண்டி மன்னனின் தலைமை அமைச்சர் ‘அதிகார்’ எனப்பட்ட காலத்தில் ஆட்சி என்ற பொருள் மேலோங்கிவிட்டது. நம்மிடம் இன்று எஞ்சியிருப்பது அப்பொருளே. உரியவன் யாவன் என்ற பழைய வினா உதிர்ந்து போயிற்று.

உதிர்ந்த அவ்வினாவைத் திரும்ப எடுத்து, ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதிகாரப் பகிர்வு என்றதும் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் எண்ணிப் பழகிய வாசகர்களுக்கு இது சற்று விலகிய களமாகத் தோன்றக்கூடும். ஆயினும் ஒரு கோட்பாட்டை அதனை முழங்கும் இடத்திற் சோதிப்பதைவிட, அது மறந்துவிட்ட இடத்திற் சோதிப்பதே தக்கது என்று கருதுகின்றேன்.

முதலில் ஊவா என்னும் மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். 1817-18ஆம் ஆண்டுகளிற் கிளர்ந்தெழுந்த ஊவாவைத் தீக்கும் வாளுக்கும் இரையாக்கிய ஆங்கிலேயர், 1833இல் இலங்கையை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோது ஊவா என்ற பெயரில் ஒரு மாகாணத்தை வைக்கவில்லை. கண்டி இராச்சியத்தின் நிலப்பரப்பு வேண்டுமென்றே சிதைக்கப்பட்டு வெவ்வேறு மாகாணங்களோடு ஒட்டவைக்கப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை தழைக்கத் தொடங்கிய காலத்தில், 1886இல், நிருவாக வசதி கருதி ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. இன்று பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்கள் அதில் அடங்குகின்றன. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதியப்பட்டோர் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானோர். மொனராகலையையும் சேர்த்து மாகாணக் கணக்கு எடுத்தாலோ எட்டில் ஒருவர் என்ற அளவுக்கு அவர்தம் வீதம் இறங்கிவிடுகின்றது. ஹப்புத்தளை, பசறை போன்ற பிரதேசங்களில் மட்டும் எண்ணினால் அது உயர்ந்துவிடும். மனிதர் அதே மனிதர், கோடு வேறு. எல்லைக் கோட்டை எவன் வரைகின்றானோ, அவன் பங்கைப் பிரிப்பதற்கு முன்னரே பங்கின் அளவை நிருணயித்து விடுகின்றான். கோட்டை வரைந்தவர் வெள்ளையர். அதனை ஏற்றுக்கொண்டவர் நம்மவர்.

வரலாற்றில் ஒரு செய்தி பலராலும் மறக்கப்பட்டுவிட்டது. இலங்கையிற் சமஷ்டி ஆட்சியை முதலில் வேண்டி நின்றவர் தமிழர் அல்லர். 1926இல் இளம் அரசியல்வாதியாயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சமஷ்டி முறையை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதினார்; யாழ்ப்பாணத்திலும் பேசினார். அடுத்த ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன்னர் கண்டியத் தேசிய மகாசபையினர் நாட்டைச் சமஷ்டி முறையிற் பிரித்து மலைநாட்டுக்குத் தன்னாட்சி தர வேண்டும் எனக் கேட்டனர். கரையோரச் சிங்களவரின் செல்வாக்கினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளுதல் அவர்களது நோக்கங்களில் ஒன்று. தோட்டங்களிற் பெருகியிருந்த இந்தியத் தொழிலாளர் வாக்குப் பலம் பெற்றுவிடுவர் என்ற அச்சம் மற்றொன்று.

இவ்வச்சத்தை இனத்துவேஷம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அரசுடைமை ஆக்கிற்று. கிராமத்தான் விறகு வெட்டிய, சேனை செய்த, மாடு மேய்த்த மேட்டு நிலங்கள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. அம்மேட்டிலே திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைகள் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். பள்ளத்திலிருந்த ஏழை மேலே நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண்ணிற் பட்டது இலண்டனிலிருந்த பங்குதாரர் அல்ல. கூடை சுமந்த இன்னொரு ஏழையே. சுரண்டலின் சாமர்த்தியம் அத்தகையது. மலைநாட்டுச் சிங்கள விவசாயியின் வறுமையும் தோட்டத் தொழிலாளியின் வறுமையும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதை இரு தரப்பாரின் தலைவர்களும் உரக்கச் சொன்னதில்லை. சொன்னால் வாக்குக் கிடைக்காது.

எனினும் விளைவு யாது? அதிகாரத்தைத் தலைநகரிலிருந்து மலைநாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்ற கோரிக்கையே மலைநாட்டில் வாழ்ந்த ஒரு சாராரை வெளியே நிறுத்தும் வேலியாகவும் அமைந்தது. பின்னர் உள்ளூராட்சிப் பொறுப்பு அமைச்சராயிருந்த அதே பண்டாரநாயக்கவின் காலத்தில், 1937-38ஆம் ஆண்டுகளில், கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வதியும் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்குரிமை இல்லையெனத் தீர்மானிக்கப்பட்டது. அரசாங்க சபைக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவனுக்கும் அடுத்த கிராமத்தின் குளத்தையும் பாதையையும் பற்றிப் பேச உரிமை இருக்கவில்லை.

சுதந்திரம் வந்தபோது மத்திய அரசும் தன் பங்கைச் செய்தது. 1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. பதுளைத் தொகுதி அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டின் பாராளுமன்றத்தில் அந்த ஏழு இடங்களும் இல்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கை நாம் அறிவோம்: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த ஒன்றரை இலட்சமும் எழுபத்தையாயிரம், எழுபத்தையாயிரமாக இரண்டாக அறுக்கப்பட்டது. ஓட்ட விகிதத்தைப் போல மனிதரைப் பகுத்த இக்கணக்கிலே, பகுக்கப்பட்டவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கையொப்பமிட்டவை டில்லியும் கொழும்பும். கப்பலிலிருந்து இறங்கியவருக்கு வேலையும் குடிசையும் காணும் பாரம் பெரிதும் தமிழ்நாட்டின் தலையில் விழுந்தது. நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்று தேயிலை பறிப்போருள் பதுளையை ‘ஊர்’ என்று சொல்லும் முதியோரும் உளர். மாநில சுயாட்சி பற்றி ஆராயத் தமிழ்நாட்டரசு 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்தது. மத்திய அரசுகள் இரண்டு பேசி முடிக்க, மாநிலம் ஒன்று சுமக்கும் இந்த நிலையைவிட அத்தகைய ஆராய்ச்சிக்குச் சிறந்த உதாரணம் வேறென்ன வேண்டும்?

இவ்வளவையும் பார்த்த ஒருவன், மத்திய அரசே கொடியது, ஆகவே அதிகாரம் மாகாணத்துக்கு வருவதே விமோசனம் என்று முடிவு செய்தல் இயல்பு. 1987 ஜூலை 29ஆம் நாள் ஒப்பந்தத்தின் வழியாக வந்த பதின்மூன்றாம் திருத்தம் ஊவாவுக்கும் ஒரு சபையைக் கொடுத்தது. வடக்கு, கிழக்கின் போராட்டத்தாற் பிறந்த அமைப்பு, கேளாதிருந்த ஏனைய மாகாணங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என மூன்று நிரல்களில் விடயங்கள் வகுக்கப்பட்டன. ஒதுக்கிய நிரலின் தொடக்கத்திலேயே எல்லா விடயங்கள் பற்றிய தேசியக் கொள்கையும் மத்திக்கே உரியது என எழுதிவைத்தனர். ஒரு கையாற் கொடுத்த சாவிக்கு மறு கையில் மாற்றுச் சாவி வைத்துக்கொள்ளும் வித்தை அது. இக்குறையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர், நான் நீட்டவில்லை.

நான் கூற விழைவது வேறு. வகுப்பில் ஒரு முறை குடியியற் பாடம் நடந்துகொண்டிருந்தது. மத்திய அரசு, மாகாண சபை, உள்ளூராட்சி மன்றம் என்ற மூன்று படிகளைக் கரும்பலகையில் வரைந்து, எந்தப் பணி எந்தப் படிக்குரியது எனக் கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்தியசாலை, நெடுஞ்சாலை, பொதுச் சந்தை என்று பிள்ளைகள் சரியாகவே சொன்னார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், எங்க லயத்துக் கூரை ஒழுகுது. அத மாத்துறது இதுல எந்தப் படி சேர்?” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் கேலிக்காகக் கேட்கவில்லை. நான் கரும்பலகையைப் பார்த்தேன். கூரை எந்தப் படியிலும் இல்லை; அது துரையின் காரியாலயத்தில் இருந்தது.

பாடநூல் மூன்று அரசுகளைச் சொல்கின்றது. தோட்டத்தில் நான்காவது ஒன்று உண்டு. வாழ்க்கையின் வரிசைப்படி பார்த்தால் அதுவே முதலாவது. வீடு அதனுடையது. குழாய்த் தண்ணீர் அது விடும் நேரத்தில் வருவது. பிள்ளை மடுவமும் மருந்துச் சாலையும் நெடுங்காலம் அதன் பொறுப்பில் இருந்தன. பாடசாலைகள்கூடத் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே படிப்படியாக அரசின் கைக்கு மாறின. இந்த நான்காவது அரசுக்குத் தேர்தல் இல்லை. அதன் எல்லைக்குள் ஏனைய மூன்றும் அனுமதி பெற்றே நுழைந்தன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் நிலம் அரசுக்கு வந்தபோதும் இவ்வொழுங்கு மாறவில்லை. 1992இல் நிருவாகம் பிரதேசக் கம்பெனிகளின் கைக்கு மாறி, நிலம் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டபோதும் மாறவில்லை. முதலாளி மாறினார், துரை மாறினார், பெரட்டுக் களம் அப்படியே இருந்தது.

இதற்குச் சட்டத்திலேயே சான்று உண்டு. மாகாண சபைகள் தோன்றிய அதே 1987ஆம் ஆண்டில் பிரதேச சபைகள் சட்டமும் வந்தது. தோட்டத்து மக்கள் அச்சபைகளுக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம். பதுளை மாவட்டத்தில் அவ்வாறு வந்தோர் பலர். ஆனால் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபையின் நிதியைச் செலவிட இடந்தரவில்லை என்றே பொருள் கொள்ளப்பட்டு நிருவாகம் நடந்தது. தம்மைத் தெரிந்தெடுத்த மக்களின் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்டவும் இயலாத மக்கள் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்திருந்தனர். 2018இலேதான் இப்பிரிவு திருத்தப்பட்டது. இடைப்பட்டவை முப்பத்தொரு ஆண்டுகள். வாக்கு உண்டு, பங்கு இல்லை என்னும் இந்நிலையை 1930களின் கிராமச் சபைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு, தடை எங்கிருந்து எங்கே இடம்பெயர்ந்தது என்பது விளங்கும். முன்னர் வாசலில் நின்ற தடை பின்னர் கருவூலத்தின் வாயிலுக்கு மாறிற்று.

நம் தமிழறிஞர் பலர் உள்ளாட்சியின் பெருமை பேசும்போது உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டத் தவறுவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை, பத்தாம் நூற்றாண்டிலேயே தேர்தல் கண்ட இனம் நாம் என்ற இறுமாப்பை நமக்குத் தருகின்றது. கல்வெட்டை முழுவதும் படிப்போர் சிலரே. ஓலையிற் பெயர் எழுதப்படுவதற்கு ஒருவன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாயிருத்தல் வேண்டும். தன் சொந்த மனையிற் கட்டிய வீட்டில் வசிப்பவனாதல் வேண்டும். மறை ஓதியவனாதல் வேண்டும். அந்நிலத்தை உழுதவன் குடத்தின் பக்கமே போயிருக்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும், சொந்த மனையில் வீடில்லாதவனுக்கு ஊராட்சியிற் பங்கில்லை என்ற நியதி தேயிலைக் காட்டில் உயிரோடிருந்தது. பெருமையைப் பேசுவோர் இந்தத் தொடர்ச்சியையும் பேசலாம்.

நிலத்தின் கதையை இன்னும் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஊவாவின் எல்லையைத் தாண்டி அடுத்த மாகாணத்துக்குச் செல்ல நேர்கின்றது. நுவரெலியா மாவட்டத்தின் ராகலைப் பகுதியில் ஸ்டாஃபோர்ட் என்றொரு தோட்டம். அங்கே காணித் துண்டொன்றில் இருந்த ஒருவரை வெளியேறுமாறு தோட்ட அத்தியட்சகர், அரச காணிகளை மீளப் பெறும் சட்டத்தின் கீழ் அறிவித்தல் கொடுத்தார். அதனை இரத்துச் செய்யும்படி அவர் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தை நாடினார். தனக்கு நியாயாதிக்கம் இல்லையென்று அந்நீதிமன்றம் கூறிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டென்றது. வழக்கு உயர் நீதிமன்றம் ஏறிற்று. 2013 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது: அரச காணி மாகாண சபைக்குரிய விடயமன்று, ஆதலின் மாகாண மேல் நீதிமன்றம் அவ்வழக்கை விசாரிக்க இயலாது.

அத்தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. காணி அதிகாரம் மத்திக்கா, மாகாணத்துக்கா என்ற பெருவினாவுக்கு இறுதி விடை என்று கொழும்பு மகிழ்ந்தது; பதின்மூன்றாம் திருத்தத்தின் உயிர்நாடி அறுந்தது என்று வடக்கு வருந்தியது. சட்ட வல்லுநர் எழுதிய கட்டுரைகள் பல. அவற்றைத் தேடிப் படித்த நான் ஒன்றைக் கவனித்தேன். மத்தியைப் பற்றி எழுதினார்கள். மாகாணத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் காணித் துண்டைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். இலங்கையின் அதிகாரப் பகிர்வு வரலாற்றில் மிகப் பெரிய வழக்குகளுள் ஒன்று ஒரு தோட்டவாசியின் முற்றத்தில் தொடங்கிற்று. முடிவில் அந்த முற்றம் யாருடையது என்பது பேச்சிலேயே இல்லை. அண்ணனும் தம்பியும் வயலுக்காக வழக்காடுகையில், வாரக்குடியானவன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி இது. தீர்ப்பு மறுதலையாக வந்திருப்பின் நான் மகிழ்ந்திருப்பேன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்போதும் வரப்பில் நிற்பவனுடைய நிலை உடனே மாறியிராது.

இதனை வெறும் தருக்கமாக எண்ணுவோர் கொஸ்லந்தையை நினைத்தல் வேண்டும். 2014 செப்டம்பர் 20ஆம் நாள் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. மீரியபெத்தை லயங்களிலும் மேடைகளின் ஒலி கேட்டிருக்கும். ஒரு மாதமும் சில நாட்களும் கழித்து, அக்டோபர் 29ஆம் நாள் காலையில், மலை சரிந்து அந்த லயங்களை மூடிற்று. அகழ்ந்தும் காணப்படாதோர் பலர் அங்கேயே மண்ணுள் இருக்கின்றனர். அவ்விடம் ஆபத்தானது, மக்கள் அகற்றப்படல் வேண்டும் என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தால் விடுக்கப்பட்டிருந்தது. அந்நிறுவனம் மத்தியினுடையது, அதனிடம் அறிவு இருந்தது, நிலம் இல்லை. நிலம் அரசினுடையது, ஆனால் குத்தகையாகக் கம்பெனியின் கையில் இருந்தது. மாகாணத்திடம் ஒரு சபையும் ஒரு முதலமைச்சரும் இருந்தனர். காணி அவர்கள் கையில் இல்லையென முந்திய ஆண்டிலேதான் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிரதேச சபையின் கையை 33ஆம் பிரிவு கட்டியிருந்தது. அகற்றிக் குடியேற்றுவது எவரது கடமை என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்கவில்லை. அதிகாரம் பலரிடம் பகிரப்பட்டிருந்தது; பொறுப்பு எவரிடமும் தங்கவில்லை. தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பகுதியில் வீடுகள் கையளிக்கப்பட இரண்டு ஆண்டுகள் ஆயின.

இனி எதிர்வாதத்தையும் கேட்போம். மலையகத்து நண்பர் பலர் கூறுவது இது: “மாகாண சபையால் நமக்கென்ன? நம்மிடமிருந்து பறித்ததும் கொழும்பு, திருப்பித் தந்ததும் கொழும்பு. 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் பாராளுமன்றத்தில் வந்தவை. சம்பளத்தை நிருணயிப்பதும் கொழும்பு. 2021இல் ஆயிரம் ரூபாவும் 2024இல் ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாவும் சம்பளச் சபையின் வழியே வந்தன; பதுளை மாகாண சபைக்கு அதில் ஒரு வாக்குக்கூட இல்லை. எட்டில் ஒருவராயிருக்கும் நாம் மாகாணத்திற் கேட்டால் யார் செவிசாய்ப்பர்? மத்தியில் ஓர் அமைச்சர் இருந்தாற் போதும்.” 1978 முதற் சௌமியமூர்த்தி தொண்டமான் கையாண்ட அரசியலின் சாரம் இதுவே. அதன் பயன்களை மறுக்க எனக்கு மனமில்லை. பிரஜாவுரிமை மீண்டதில் அதற்குரிய இடம் பெரிது.

அண்மையிலுள்ள அதிகாரம் அன்பான அதிகாரமாகவே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2018 ஜனவரியில் பதுளையிலுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையின் பெண் அதிபர், முதலமைச்சரின் வாசஸ்தலத்தில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டார் என்ற செய்தி நாட்டையே குலுக்கிற்று. மாகாணக் கல்வி அமைச்சும் அம்முதலமைச்சரின் கையிலேயே இருந்தது. கொழும்பிலுள்ள அமைச்சர் ஒருவருக்குப் பதுளையின் அதிபரொருவரை வீட்டுக்கு அழைத்து மண்டியிட வைக்கும் எண்ணமே தோன்றியிராது; தொலைவே ஒரு காப்பு. ஆசிரியர் தொழிலில் இருக்கும் எவனும் அச்செய்தியைப் படித்துவிட்டு அதிகாரத்தின் அண்மையைப் பற்றி எளிதாகப் பாட்டுப் பாட மாட்டான்.

அவ்வாறாயினும் நான் நண்பர்களின் முடிவை ஏற்கவில்லை. அந்நிகழ்ச்சியின் பிற்பகுதியையும் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் வீதிக்கு வந்தனர். தமிழரும் சிங்களவரும் வந்தனர். முறைப்பாடு பதியப்பட்டது, முதலமைச்சர் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார், கல்வி அமைச்சுப் பொறுப்பினின்றும் விலகி நின்றார். அண்மையிலுள்ள அதிகாரத்துக்கு ஒரு முகம் உண்டு. ஒரு வாசல் உண்டு. அவ்வாசலில் மக்கள் திரள முடியும். 1948ஆம் ஆண்டின் சட்டத்துக்கு எந்த வாசலில் நின்று குரல் கொடுத்திருக்க முடியும்? 1952இற் சத்தியாக்கிரகம் செய்தார்கள். கொழும்பு காது கொடுக்கவில்லை. மத்தியிலுள்ள ஓர் அமைச்சரின் வழியாக வருவது, அவர் இருக்கும்வரை வருவது. அது சலுகை. கேட்டு வாங்கியவனைக் கடமைப்பட்டவனாக்குவது. வீடு கிடைத்தவன், வீட்டைத் தந்தவரின் படத்தைச் சுவரில் மாட்டுகின்றான். வரி செலுத்தி ஏற்றுமதிப் பணம் ஈட்டித் தந்த ஒரு மக்கள் கூட்டம் தனக்குரியதைப் பெறும்போது நன்றி சொல்லக் கடமைப்பட்டதாக உணர்தல் எந்த வகையான குடியாட்சி?

ஆகவே கேள்வி மத்தியா மாகாணமா என்பதன்று. ஒரு முடிவு எவனுடைய கூரையையும் கூலியையும் குழந்தையின் படிப்பையும் தொடுகின்றதோ, அவன் அம்முடிவை எடுப்போரைத் தடுத்து நிறுத்திக் கேட்க உரியவன். நிலம் உடையவனா, எத்தனை தலைமுறை கண்டவன், எந்த மொழி பேசுபவன் என்பன அதற்குப் பின்னர் வருவன. ‘அதிகாரம்’ என்னும் சொல்லின் பழைய பொருளை நான் இவ்வாறே விளங்கிக்கொள்கின்றேன். இந்த உரித்து முதலில் நிலைநாட்டப்பட்டால், மாகாண சபை தோட்டத்து மனிதனுக்குக் கருவியாகும். நிலைநாட்டப்படாவிடில், கொழும்பின் கதவுக்குப் பதிலாகப் பதுளையின் கதவில் அவன் காத்து நிற்பான்.

நிலைநாட்டுதல் என்பது பெரும் புரட்சியன்று. தோட்டம் என்ற நான்காவது அரசின் கையிலிருக்கும் குடியாட்சிக்குரிய பணிகளைப் பிரித்தெடுத்துப் பிரதேச சபையிடம் ஒப்படைத்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் கதவைத் திறந்தது, நிதி இன்னும் அவ்வழியாகத் தாராளமாக நடக்கவில்லை. லயத்தின் கீழுள்ள நிலம் அதில் வாழ்வோருக்கு உறுதியோடு உரியதாக வேண்டும். ஏழு பேர்ச் என்று அளந்து கொடுப்பதை அரசுகள் பெருங்கொடையாகப் பறைசாற்றுகின்றன, அதுவும் எல்லோரையும் எட்டவில்லை. இவை நிறைவேறும்போது பள்ளத்துக் கிராமத்தானுக்கும் நட்டமில்லை. மொனராகலையின் வறண்ட கிராமங்களில் தண்ணீருக்கு அலையும் சிங்கள விவசாயிக்கும் பதுளையின் சபை தேவை. அச்சபையில் அவனுக்கு வாய்த்த துணைவன் தோட்டத் தொழிலாளியே என்பதை இருவரும் உணரும் நாள் இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் சபையே இல்லாது போயிற்று. 2014ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஊவா மாகாண சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. தெரிவான சபையின் காலம் 2019இல் முடிந்தது. எல்லை நிருணயத்தையும் தேர்தல் முறையையும் பற்றிய சட்டச் சிக்கல் காரணமாகக் காட்டப்படுகின்றது. சனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்துகின்றார். வடக்கில் இதுபற்றிக் கண்டனக் குரல் எழுகின்றது. பதுளை நகரில் நான் அறிந்தவரை எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தோட்டங்களிலோ சபை இருந்தபோதும் இல்லாதபோதும் வேறுபாடு உணரப்படவில்லை. இந்த அலட்சியத்தைக் கண்டு மாகாண சபைகளே வேண்டாம் என்போர் மகிழ்கின்றனர். பசித்தவனுக்கு வெறும் இலையைப் போட்டுவிட்டு, அவனுக்குச் சோற்றில் விருப்பமில்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

மீண்டும் ஒரு நாள் அத்தேர்தல் அறிவிக்கப்படும். வாக்காளர் அட்டைகள் தபாலில் வரும். நகரத்திலும் கிராமத்திலும் அவை வீடு தேடிச் செல்லும். பல தோட்டங்களில் லயத்து அறைகளுக்கு இன்னும் தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்கின்றன. வேலைக்கு அனுப்பும் முன் பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.